ஒரே குழாய், இரண்டு கருவிகள்

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் மெட்ரோ வேலை நடந்த ஆண்டுகளில் நடைபாதை ஓரம் சின்னச் சின்ன இரும்பு மூடிகள் இருந்தன. மேலே பெயின்ட்டில் ஓர் எண். பக்கத்தில், பள்ளம் இருக்கும் திசையைக் காட்டி ஓர் அம்புக்குறி. குடிநீர் வால்வு என்றுதான் பெரும்பாலோர் நினைத்தார்கள். அதன்மேல் மீன்கூடை இருக்கும், பூக்கூடை இருக்கும், சில நாள் ஆட்டோவின் முன்சக்கரமே ஏறி நிற்கும். "அக்கா, கொஞ்சம் தள்ளிக்குங்க" என்று கேட்டு மூடியைத் திறந்தால் ஒரு பிளாஸ்டிக் குழாயின் வாய் தெரியும். கையகலம்கூட இல்லாத அந்த வாய் இருபது, இருபத்தைந்து மீட்டர் கீழே போகும். குழாயின் உட்சுவரில் நாலு பக்கமும், தச்சர்கள் பலகையில் இழைக்கிறார்களே அந்த மாதிரி, மேலிருந்து அடிவரை நாலு காடிகள். அந்தக் காடியில் சக்கரங்கள் உருள ஒரு கருவியை இறக்கித் தரை எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று படிப்பதுதான் என் வேலை. கருவியின் பெயர் இன்க்ளினோமீட்டர். சைட்டில் யாரும் முழுப்பெயரைச் சொல்வதில்லை. "இன்க்ளினோ எடுத்தாச்சா?" என்றுதான் கேட்பார்கள்.

வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரையிலான அந்தப் பாதை 9 கிலோமீட்டர். 2016 ஜூலையில் அடிக்கல் நாட்டி, 2021 பிப்ரவரி 14 அன்று திறந்தார்கள். தியாகராயா கல்லூரி, தண்டையார்பேட்டை என்ற இரண்டு நிலையங்களும் தரைக்கடியில். அதைத் தாண்டிப் பாதை மேலே ஏறி, தூண்களின்மீது திருவொற்றியூருக்குப் போகிறது. தரைக்கடி நிலையம் என்றால் முதலில் இரண்டு பக்கமும் கான்கிரீட் சுவரை மண்ணுக்குள் இறக்க வேண்டும். பிறகு நடுவிலிருக்கும் மண்ணை அள்ள வேண்டும். மண் வெளியேற வெளியேற, வெளிப்பக்கத்து மண் சுவரை உள்ளே தள்ளும். எல்லாப் பள்ளத்திலும் இது நடக்கும். நடக்காத பள்ளம் கிடையாது. எவ்வளவு என்பதுதான் கேள்வி. சுவருக்கு அந்தப்பக்கம் மெட்ராஸ் டெரஸ் கூரை போட்ட வீடுகள், சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவர்கள், அந்தக் காலத்துத் தூண்கள். ஒரு சுவரில் நாலு குடும்பம் சாய்ந்து வாழ்கிற தெருக்கள். அந்த "எவ்வளவு" என்ற கேள்விக்கு மில்லிமீட்டரில் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் நாங்கள் இருந்தோம்.

கருவி ஒன்றும் புதிதல்ல. 1950களில் அமெரிக்காவில் ஸ்டான்லி வில்சன் என்ற பொறியாளர் உருவாக்கியதன் வழித்தோன்றல்தான் இது. இரண்டடி நீளத்தில் எஃகு உருளை, மேலும் கீழும் ஒவ்வொரு ஜோடிச் சக்கரம், உள்ளே சாய்வை உணரும் இரண்டு உணரிகள். ஒன்று பள்ளத்தை நோக்கிய சாய்வைச் சொல்லும். அதை ஏ அச்சு என்போம். இன்னொன்று பள்ளத்தின் ஓரமாக, சுவருக்கு இணையான திசையில். அது பி அச்சு. இந்த உருளையை ப்ரோப் என்பார்கள். கேபிளில் அரை மீட்டருக்கு ஓர் அடையாளம். அடிவரை இறக்கிவிட்டு, அரை அரை மீட்டராக இழுத்து நிறுத்தி, ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஓர் எண். மேலே வந்ததும் ப்ரோப்பை 180 டிகிரி திருப்பி மறுபடி இறக்கி, மறுபடி அதே நிறுத்தங்கள்.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் ராயபுரத்துக்காரர். எங்கள் எல்லோருக்கும் அவர் அண்ணன். அவர் அவசரப்பட்டு நான் பார்த்ததில்லை. சித்திரை வெயிலில் வண்டியின் பின்சீட்டில் வந்த ப்ரோப் தொட்டால் சுடும். குழாயின் அடியில் நிற்கும் தண்ணீரோ குளுமை. இறக்கிய உடனே எடுத்தால் முதல் சில எண்கள் தடுமாறும். அடியில் பத்து நிமிடம் விட்டுவிட்டு அவர் எதிர்க்கடையில் டீ சொல்வார். "அது கீழ இருக்குற சூட்டுக்குப் பழகட்டும் தம்பி. நீயும் பழகு" என்பார். சக்கரத்தில் ஒட்டிய மணலைப் பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்ப்பார். இந்தப் பக்கத்து மண்ணில் மேலே கிளிஞ்சல் கலந்த கடல் மணல், அதற்குக் கீழே சாம்பல் நிறக் களிமண். ஊறும் தண்ணீர் உப்பு. ஒரு வாரம் துடைக்காமல் விட்டால் சக்கரத்தின் பேரிங் சத்தம் போட ஆரம்பிக்கும். அந்தச் சத்தத்தை வைத்தே அவர் ப்ரோப்பின் உடல்நிலையைச் சொல்வார்.

ஏன் இரண்டு முறை, திருப்பித் திருப்பி? சாய்வே இல்லாத இடத்தில் வைத்தாலும் எந்த உணரியும் சுத்தமான சுழியைக் காட்டாது. கொஞ்சம் கூடவோ குறையவோ காட்டும். ஒரு முகத்தில் எடுத்ததையும் திருப்பி எடுத்ததையும் கழித்தால் அந்தச் சொந்தக் கோளாறு போய்விடும். கூட்டினால் அது மட்டும் மிஞ்சும். அந்தக் கூட்டுத்தொகை அடியிலிருந்து மேல்வரை ஒரே அளவாக இருந்தால், எடுத்த எண்கள் நல்ல எண்கள். இதைத்தான் செக்சம் என்கிறோம். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு இது ஒரு பெரிய ஆறுதல். செக்சம் சரியாக இருக்கிறது, ஆகவே எல்லாமே சரியாக இருக்கிறது என்ற எண்ணம் இதிலிருந்துதான் வருகிறது. இரண்டாவது பாதி உண்மையல்ல என்பதைத் திருவொற்றியூரில் ஒரு பள்ளத்தில் கண்ணால் பார்த்தேன்.

அது மெட்ரோ வேலை அல்ல. நெடுஞ்சாலைக்கும் கடலுக்கும் நடுவே, ஒரு பம்பிங் ஸ்டேஷனுக்காகத் தோண்டிய ஆழமான பள்ளம். மேற்குப் பக்கம் நெருக்கமாக வீடுகள். பள்ளத்துக்கும் வீட்டு வாசலுக்கும் நடுவே ஒரு குட்டியானை வண்டி போகுமளவு இடைவெளி. அந்த இடைவெளியில் நாலு இன்க்ளினோ குழாய்கள், ஒவ்வொன்றும் 24 மீட்டர். தோண்டத் தொடங்குவதற்கு முன்பே அடிப்படை அளவுகளை, பேஸ் ரீடிங் என்பதை, எடுத்து வைத்திருந்தோம். அதன்பிறகு ஒவ்வொரு முறையும் சொன்னது, அந்த முதல் அளவுக்கும் இன்றைய அளவுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும்தான். தரை எங்கே இருக்கிறது என்று இந்தக் கருவிக்குத் தெரியாது. முன்பைவிட எவ்வளவு மாறியிருக்கிறது என்பதுதான் தெரியும்.

மழை முடிந்த சமயத்தில் எங்கள் ப்ரோப்பின் கேபிள் இணைப்புக்குள் உப்புத்தண்ணீர் போய்விட்டது. எண்கள் குதித்தன. அதைப் பழுதுபார்க்க அனுப்பிவிட்டு வாடகைக்கு இன்னொன்று வந்தது. அதே கம்பெனி, அதே மாடல், காலாவதியாகாத அளவீட்டுச் சான்றிதழ். யாருக்கும் சந்தேகம் வரக் காரணமில்லை. முதல் நாளே மூன்று குழாய்கள் பழைய கோட்டின்மேல் கோடு வைத்த மாதிரி வந்தன; ஒரு மில்லிமீட்டர்கூட மாறவில்லை. மூன்றாம் எண் குழாய் மட்டும், அதுவரை உச்சியில் 6 மி.மீ. காட்டியது, 17 காட்டியது. பள்ளத்தை நோக்கி. அந்த சைட்டில் எச்சரிக்கை எல்லை 15.

திரும்ப எடுத்தோம். மறுபடியும் 17. செக்சம் அழகாக இருந்தது.

மதியத்துக்குள் தோண்டுவது நின்றது. சாயங்காலம் பொறுப்பிலிருந்த ஒருவர் வீடு வீடாகப் போய் ராத்திரிக்கு உறவினர் வீட்டுக்குப் போய்விடச் சொன்னார். காரணம் கேட்டவர்களுக்கு அவர் சொன்னது, "மிஷின்ல காட்டுது." குழந்தைகளின் ஸ்கூல் பை, கேஸ் அடுப்பு, தண்ணீர் குடங்கள் எல்லாம் வாசலுக்கு வந்தன. கடைசி வீட்டில் ஓர் ஆயா மட்டும் கிளம்பவில்லை. கடல் அரித்துப்போன ஒரு தெருவிலிருந்து இங்கே வந்து குடியேறியவர் அவர். ராயபுரத்துக்கு வடக்கே இப்படிப்பட்டவர்கள் நிறையப் பேர். துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் தெற்கிலிருந்து வரும் மணலை மறித்ததிலிருந்து, தெற்கே மெரினா அகன்றது. வடக்கே கடல் உள்ளே வந்தது. தரை நகர்வது எப்படி இருக்கும் என்பதை எங்களைவிட நன்றாக அறிந்தவர் அவர். என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, என்ன ஆயிற்று என்று விவரமாகக் கேட்டார். போன வாரம் வேறு கருவி, இன்று வேறு கருவி என்று சொன்னேன். "மெசினு மாத்துனா ஊடு சாஞ்சிடுமா தம்பி?" என்று கேட்டார். அவர் கேலி செய்யவில்லை, தெரிந்துகொள்ளக் கேட்டார். அந்தக் கேள்விக்கு நேரான பதில் சொல்ல வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் அன்று ராத்திரி அண்ணனுக்குப் போன் செய்தேன்.

அவர் முதலில் என்னைத்தான் கேள்வி கேட்டார். சுவரைத் தாங்கும் இரும்பு ஸ்ட்ரட்டுகளில் பாரம் ஏறியிருக்கிறதா? இல்லை. வீட்டுச் சுவர்களில் ஒட்டிய கிராக் கேஜ் நகர்ந்திருக்கிறதா? இல்லை. குழாயின் தலையை டோட்டல் ஸ்டேஷன் என்ற அளவைக் கருவி வைத்துப் பார்த்தாயா? பார்த்தோம், இரண்டு மில்லிமீட்டருக்குள். 11 மி.மீ. நகர்ந்திருந்தால் அதில் தெரியாமல் போகாது. "அப்ப மண்ணு நகரல. வேற என்னமோ நகந்துருக்கு. காசிமேட்டுல ஒரு தராசுல நிறுத்த வஞ்சிரத்த வேற தராசுல நிறுத்துப் பாத்துட்டு, மீனு வளந்துடுச்சின்னு சொல்லுவியா?" பிறகு, யோசித்துச் சொன்னார்: "அந்த போரு நேராப் போட்ட போரா? பி அச்சு எவ்ளோ காட்டுதுன்னு பாரு."

விஷயம் அங்கேதான் இருந்தது. இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். இந்தத் தொழிலில் இருப்பவர்களில்கூடப் பலர் இதை ஒரு தடவை வாழ்ந்து பார்த்த பிறகுதான் நம்புகிறார்கள்.

மூன்றாம் எண் துளையைப் போட்டபோது டிரில்லிங் வழிவிலகியிருந்தது. பள்ளத்தை நோக்கி அல்ல. பள்ளத்தின் ஓரமாக, பி திசையில், சராசரியாக 3 டிகிரி. 24 மீட்டர் ஆழத்தில் அடி ஒன்றேகால் மீட்டர் தள்ளிப் போயிருந்தது. மாற்றத்தை மட்டும் பார்க்கிற வேலைக்கு இது குறையே அல்ல என்று நினைப்போம். துளை சாய்வாக இருந்தால் என்ன, சாய்வு மாறுகிறதா என்றுதானே பார்க்கிறோம்? ஒரே ப்ரோப் இருக்கும்வரை அது சரிதான். ஆனால் ப்ரோப்பின் உள்ளே இருக்கும் உணரி, சக்கரங்கள் ஓடும் தளத்துக்கு இம்மியும் பிசகாமல் பொருந்தியிருக்காது. அரை டிகிரி திரும்பியிருக்கும். அப்படித் திரும்பிய ஏ உணரி, பி திசையின் சாய்விலிருந்து ஒரு சிறு பங்கைத் தன் கணக்கில் சேர்த்துக்கொள்ளும். நேரான துளையில் சேர்க்க ஒன்றுமில்லை. 3 டிகிரி சாய்ந்த துளையில் இருக்கிறது. 3 டிகிரியின் சைன் 0.0523; அரை டிகிரியின் சைன் 0.0087, இரண்டையும் 24,000 மில்லிமீட்டரால் பெருக்கினால் 11 வருகிறது.

அதே 11.

பழைய ப்ரோப்பின் திருகல் அடிப்படை அளவிலும் இருந்தது, ஒவ்வொரு வார அளவிலும் இருந்தது, கழித்தபோது போய்விட்டது. புதிய ப்ரோப்பின் திருகல் வேறு. அதன் அளவிலிருந்து பழைய ப்ரோப்பின் அடிப்படையைக் கழித்தபோது, இரண்டு கருவிகளுக்கும் இடையிலிருந்த வித்தியாசம் தரையின் நகர்வாக வேடம் போட்டு வந்தது. செக்சம் இதைக் காட்டிக்கொடுக்காது. ப்ரோப்பைத் திருப்பினால் திருகலும் கூடவே திரும்புகிறது.

மறுநாள் காலை அரை மீட்டருக்கு அரை மீட்டர் வித்தியாசங்களை எடுத்து, பக்கத்தில் அதே ஆழங்களின் பி சாய்வை வரைந்தோம். 9 மீட்டரில் துளை பி திசையில் கொஞ்சம் மடங்கியிருந்தது. புதிய "நகர்வும்" சரியாக 9 மீட்டரில் மடங்கியது. இரண்டு கோடுகளும் ஒரே உருவம், அளவு மட்டும் வேறு. மண் நகர்ந்தால் தோண்டிய மட்டத்தை ஒட்டித்தான் வயிறு தள்ளும். ஆறு மாதத்துக்கு முன்பு டிரில்லர் எந்தப் பக்கம் வழிவிலகினார் என்று மண்ணுக்குத் தெரியாது. மற்ற மூன்று குழாய்கள் ஏன் மாறவில்லை என்பதற்கும் இதுவே பதில். அவை கிட்டத்தட்டச் செங்குத்து. கால் டிகிரி சாய்வில் இந்தப் பிழை ஒரு மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும்.

இது எங்கள் கண்டுபிடிப்பல்ல. 2003இல் ஆஸ்லோவில் நடந்த கருத்தரங்கில் எரிக் மிக்கெல்சன் இன்க்ளினோமீட்டர் பிழைகளை வகைபிரித்து எழுதியிருக்கிறார். உணரியின் சுழிப் பிழை, உணர்திறன் விலகல், இந்தத் திருகல் பிழை, கேபிள் நீளத்தால் வரும் ஆழப் பிழை என்று நாலு முறையான பிழைகள். எல்லாம் சேர்ந்தால் 30 மீட்டர் துளையில் 7, 8 மி.மீ. வரை போகலாம்; கண்டுபிடித்துத் திருத்திவிட்டால் எஞ்சுவது ஒன்றரை மில்லிமீட்டருக்கும் குறைவு. அண்ணன் அந்தக் கட்டுரையைப் படித்தவர் அல்ல. பல வருடம் பல ப்ரோப்களைக் கையாண்டதில் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தவர்.

காரணம் தெரிந்ததும் அலுவலகத்தில் எல்லோரும் ஆசுவாசப்பட்டார்கள். அடுத்து வந்த யோசனைதான் என்னை இன்றும் கோபப்படுத்துகிறது. "அப்ப இந்த ப்ரோப்ல இன்னைக்கே புது பேஸ் எடுத்துடுங்க. சுழியிலேருந்து ஆரம்பிச்சிடலாம்." கேட்க நியாயமாகத் தோன்றும். பல இடங்களில் நடப்பதும் இதுதான். ஆனால் அந்தச் சுழி எதை அழிக்கிறது என்று பாருங்கள். மூன்றாம் எண் குழாய் ஏற்கெனவே உண்மையாகவே 6 மி.மீ. நகர்ந்திருக்கிறது. அந்த வீடுகள் அதைத் தாங்கிக்கொண்டு நிற்கின்றன. சுழியிலிருந்து ஆரம்பித்தால் எச்சரிக்கை ஒலிக்க இன்னும் 15 நகர வேண்டும். அதாவது சுவர் நிஜத்தில் 21க்குப் போயிருக்கும். கருவி மாறிய நாளில் அந்தத் தெருவுக்கு இருந்த பாதுகாப்பில் ஐந்தில் இரண்டு பங்கை யாருக்கும் சொல்லாமல் எடுத்துவிடுகிற செயல் அது. பொய்யாக ஒலித்த எச்சரிக்கையால் ஒரு ராத்திரித் தூக்கம் போயிற்று. ஒலிக்காமல் போகும் எச்சரிக்கையால் போவது வேறு.

இன்னொன்றையும் நினைத்துப் பார்த்தேன். புதிய ப்ரோப்பின் திருகல் எதிர்ப்பக்கமாக இருந்திருந்தால்? 6 காட்டிய குழாய் அன்று −5 காட்டியிருக்கும். "ஏதோ கருவி வித்தியாசம்" என்று விட்டிருப்பார்கள். அப்போது மண்ணும் அதே வாரத்தில் உண்மையாகவே நகர்ந்திருந்தால், ஒன்று இன்னொன்றை மறைத்திருக்கும்.

கருவி மாறும்போது அளவுத் தொடர் அறுந்துவிடக் கூடாது என்ற அக்கறை இந்த ஊருக்குப் புதிதல்ல. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்ப்டன் பரங்கிமலைக்குப் பக்கத்துச் சமவெளியில் அடிக்கோடு அளக்கத் தொடங்கியபோது அவர் கையில் 100 அடி எஃகுச் சங்கிலி ஒன்று இருந்தது. இங்கிலாந்திலிருந்து இன்னொரு சங்கிலியையும் வரவழைத்தார். அதைத் தரையில் இழுத்து வேலை வாங்குவதற்காக அல்ல, முதல் சங்கிலி தேய்ந்து நீண்டிருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக. ஏழு மைலுக்கும் மேலான அந்த அடிக்கோட்டிலிருந்து வளர்ந்ததுதான் இந்தியாவின் பெரும் முக்கோண அளவை. பிறகு சங்கிலியின் காலம் முடிந்து, வெப்பத்தில் நீளம் மாறாதபடி இரட்டை உலோகத்தில் செய்த கோல்பியின் சட்டங்கள் வந்தன. ஜார்ஜ் எவரெஸ்ட் மத்திய இந்தியாவின் சிரோஞ்சில் 1824-25இல் சங்கிலியால் அளந்த அடிக்கோட்டை, 1837-38இல் புதிய சட்டங்களால் மறுபடி அளந்தார்கள். புதிய கருவி உயர்ந்தது என்பதற்காகப் பழைய அளவைத் தூக்கிப் போட்டுவிடவில்லை. அதே தரையில் இரண்டையும் எதிரெதிரே நிறுத்தி, இரண்டுக்கும் உள்ள உறவைக் கண்டார்கள். பரங்கிமலைக்குப் போகும்போதெல்லாம் எனக்கு அந்த இரண்டாவது சங்கிலிதான் நினைவுக்கு வருகிறது. வேலை செய்யாமல் பெட்டிக்குள் கிடந்து, வேலை செய்வதை நம்பத்தக்கதாக்கிய சங்கிலி.

திருவொற்றியூர் பள்ளத்தில் எங்களால் அப்படி எதிரெதிரே நிறுத்த முடியவில்லை. பழைய ப்ரோப் பழுதுக்குப் போய்விட்டது. அது திரும்பி வந்தபோது உணரித் தொகுதியையே கழற்றிப் பொருத்தியிருந்தார்கள். வரிசை எண் அதுதான், பெட்டி அதுதான், ஆனால் உள்ளே இருக்கும் திருகல் பழைய திருகலாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. பழுதுபார்த்துத் திரும்பி வந்த கருவியையும் மூன்றாவது கருவியாகத்தான் எண்ண வேண்டும் என்று அண்ணன் சொன்னார். நானும் அதையே எல்லோரிடமும் சொல்கிறேன். ஆகவே பழைய தொடருக்கும் புதிய தொடருக்கும் நடுவிலான பாலத்தை வேறு வழியில் கட்டினோம். பி சாய்வைக் கொண்டு திருகல் பிழையைக் கணக்கிட்டுக் கழித்தோம். மிஞ்சியதை டோட்டல் ஸ்டேஷனில் பார்த்த குழாய்த் தலையின் இடப்பெயர்ச்சியோடு ஒப்பிட்டோம். ஒத்துவந்தது. பழைய 6 மி.மீ.யைத் தொடக்கமாக வைத்து, வாடகை ப்ரோப்பின் மாற்றத்தை அதன்மேல் கூட்டினோம். அறிக்கையில் அந்தத் தேதியில் ஒரு செங்குத்துக் கோடு போட்டு, "கருவி மாற்றம்" என்று எழுதி, இரண்டு ப்ரோப்களின் வரிசை எண்ணையும் போட்டோம். தோண்டும் வேலை மறுபடி தொடங்கியது. வீட்டுக்காரர்கள் திரும்பினார்கள்.

ஆயாவிடம் போய்ச் சொன்னேன்: வீடு சாயவில்லை, கருவிதான் வேறு கோணத்தில் பார்த்திருக்கிறது, ஆனால் அதற்கு முன்னாலேயே ஆறு மில்லிமீட்டர் தரை நகர்ந்தது உண்மை, அது எதிர்பார்த்ததுதான். அந்த ஆறை அவரிடம் முன்பே யாரும் சொல்லியிருக்கவில்லை. விரல் நகத்தில் எவ்வளவு என்று காட்டச் சொன்னார். காட்டினேன். சுவரிலிருந்த கிராக் கேஜை எப்படிப் படிப்பது என்று அவருடைய பேரனுக்குக் கற்றுக்கொடுக்கும்படி கேட்டார். அதையும் செய்தேன். அந்தப் பையன் ஒவ்வொரு ஞாயிறும் அதைப் படித்துக் காலண்டரில் எழுதினான். எங்கள் பதிவோடு அவன் எழுதியதை நான் ஒப்பிட்டுப் பார்ப்பதுண்டு. ஒரே ஆள், ஒரே நேரம், ஒரே கோணத்தில் நின்று படிப்பது என்ற ஒழுங்கு யாரும் சொல்லாமலே அவனிடம் இருந்தது.

அதற்குப் பிறகு நான் பொறுப்பிலிருந்த எல்லா சைட்டுகளிலும் அலுவலகக் கொட்டகைக்குப் பக்கத்திலிருக்கும் கான்கிரீட் தூணில் மூன்று மீட்டர் நீளத்துக்கு ஒரு குழாயைக் கிளாம்ப் போட்டுப் பொருத்தினோம். நேராக அல்ல, வேண்டுமென்றே பி திசையில் நன்றாகச் சாய்த்து. நேரான குழாயில் எல்லா ப்ரோப்பும் நல்ல ப்ரோப்தான். சாய்ந்த குழாய்தான் திருகலைப் பேச வைக்கிறது. காலையில் கிளம்பும்போது ஒரு தடவை, திரும்பி வந்து ஒரு தடவை, ப்ரோப் அந்தக் குழாயில் இறங்கும். எண்களை ஒரு கெட்டி அட்டை நோட்டில் பேனாவால் எழுத வேண்டும். கம்ப்யூட்டரில் இருந்தால் போதாதா என்று கேட்பார்கள். ரீட்அவுட் பெட்டி மாறும், சாஃப்ட்வேர் மாறும். சில மாடல்களில் எண்ணின் அலகே மாறும். அரை மீட்டர் சக்கர இடைவெளி கொண்ட ப்ரோப்பும், இரண்டடி இடைவெளி கொண்ட ப்ரோப்பும் பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். கேபிளைச் சேர்த்து மாற்றாமல் ப்ரோப்பை மட்டும் மாற்றினால் மொத்தக் கணக்கும் கெடும். நோட்டில் இருப்பது எதுவும் இதற்கெல்லாம் மாறாது.

மாற்றும் நாளுக்கென்று ஒரு முறையும் வைத்துக்கொண்டோம். பழையது நன்றாக இருக்கும்போதே புதியதை வரவழைப்பது. தோண்டும் வேலை ஓய்ந்திருக்கும் ஒரு நாளைத் தேர்ந்தெடுப்பது. ஒவ்வொரு குழாயிலும் முதலில் பழையது, உடனே புதியது, இரண்டும் இரண்டு முழுச் சுற்று. அதே கேபிள் கிடைத்தால் அதே கேபிள். இல்லையென்றால் இரண்டு கேபிள்களையும் தரையில் நீட்டி, அடையாளத்துக்கு அடையாளம் ஒத்துப்பார்ப்பது. அன்றைய பழைய அளவு பழைய தொடரின் கடைசிப் புள்ளி. அன்றைய புதிய அளவு புதிய தொடரின் அடிப்படை. நகர்வை மட்டும் கூட்டிக்கொண்டே போவோம். இதற்கு ஒரு முழு நாள் ஆகும். அந்த ஒரு நாளைக் கேட்டு வாங்குவதற்குத்தான் எனக்குப் பெரும்பாலும் சண்டை போட வேண்டியிருந்தது. பள்ளத்தில் ஒரு நாள் நின்றால் இயந்திர வாடகை என்ன ஆகும் என்று என்னிடம் கணக்குக் காட்டுவார்கள். பள்ளத்துக்கு இந்தப்பக்கம் எத்தனை வீடு இருக்கிறது என்ற பட்டியலை நான் காட்டுவேன். சில சமயம் கொடுத்தார்கள். கொடுக்காத இடத்தில் மழைநாளில் எடுத்துக்கொண்டேன்.

இப்போது ப்ரோப்பைத் தூக்கிக்கொண்டு நடக்கும் வேலையே குறைந்து வருகிறது. உணரிகளைச் சரமாகக் கோத்துக் குழாய்க்குள் நிரந்தரமாக விட்டுவிடுகிறார்கள். மணிக்கு மணி எண் தானாகப் போனுக்கு வருகிறது. ராத்திரி இரண்டு மணிக்குத் தரை அசைந்தால் இரண்டு மணிக்கே தெரியும். நல்ல முன்னேற்றம், எனக்கு இதில் மகிழ்ச்சியே. மாதவரத்திலிருந்து தொடங்கும் இரண்டாம் கட்ட மெட்ரோவில் வேலை செய்யும் இளைஞர்கள் சிலர் என்னிடம் பேச வருவார்கள். கையால் எடுத்த தொடரிலிருந்து சரத்துக்கு மாறுவது எப்படி என்பது அவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி. சரம் ஒரு குழாய்க்குள் போய்விட்டால் ப்ரோப் அதற்குள் போக முடியாது. இரண்டையும் ஒரே நேரத்தில் ஒரே துளையில் வைக்க வழியில்லை. ஆகவே சரத்தை விடுவதற்கு முந்தைய மணி நேரத்திலேயே ப்ரோப்பால் கடைசி அளவை எடுத்துவிடச் சொல்கிறேன். சரம் இறங்கியதும் அது குழாய்க்குள் படிந்து நிலைகொள்ளச் சில நாள் விட்டு, அந்த நாட்களில் குழாய்த் தலையை டோட்டல் ஸ்டேஷனால் பார்க்கச் சொல்கிறேன். வீடுகள் நெருங்கிய பக்கத்தில் சரம் விட்ட குழாய்க்கு அருகிலேயே ஒரு குழாயைக் காலியாக விட்டு, அதில் பழையபடி கையால் எடுப்பதை வேலை முடியும்வரை தொடரச் சொல்கிறேன்; ஒரு குழாய்க்கான கூடுதல் செலவு பெரிதல்ல. அந்தக் காலிக் குழாய்க்கு எந்த ப்ரோப், அதன் வரிசை எண் என்ன, கடைசியாக அது எப்போது பழுதுக்குப் போய் வந்தது என்பதை மூடியின் உள்பக்கம் பெயின்ட்டில் எழுதிவிடச் சொல்கிறேன். அடுத்து வந்து மூடியைத் திறப்பவர் வேறு யாராகவோ இருப்பார். அவருடைய பெட்டியில் வேறொரு ப்ரோப் இருக்கும்.